பத்து வருஷப் போரில் நமக்கு என்ன போச்சு?

11 செப்டம்பர் 2011, காலை 9.15 (புதுச்சேரி வாசகர் ஒருவர் கேட்டது)

எல்லாச் சேனலிலும் இன்றைக்கு இரட்டைக் கோபுரம்தான். பத்து வருஷம் ஆகிவிட்டது. அமெரிக்காவில் விமானத்தை மோதினார்கள், அமெரிக்கர்கள் போய் ஆப்கானிஸ்தான், ஈராக் என்று இரண்டு நாட்டில் சண்டை போட்டார்கள். செலவும் அவர்களுடையது, சாவும் அங்கேதான். புதுச்சேரியிலும் கடலூரிலும் இருக்கிற நமக்கு இதில் என்ன போச்சு? உருப்படியாக ஒரு காரணம் யாராவது சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

11 செப்டம்பர் 2011, இரவு 10.40

தம்பி, நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து சொல்கிறேன்.

2001-இல் நான் பரங்கிப்பேட்டையில் ஒரு வங்கிக் கிளையில் கவுண்ட்டரில் இருந்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. முதல் விமானம் மோதியபோது நமக்கு மாலை ஆறேகால். கணக்கை முடித்துவிட்டு கடலூர் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். டீக்கடை டிவியில் புகை வந்துகொண்டிருந்தது. ஏதோ ஆங்கிலப் படம் என்று நினைத்துத்தான் டீயை வாங்கினேன். இரண்டாவது விமானம் வந்ததும் கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த பாலை அப்படியே வைத்துவிட்டார்.

மறுநாள் காலை கதவு திறக்கும் முன்பே வாசலில் பத்துப் பதினைந்து பெண்கள். ஒருத்திக்குக் கணவர் சவூதியில், இன்னொருத்திக்கு மகன் குவைத்தில், மற்றவர்களுக்கு துபாயில் யாராவது. எல்லோரும் கேட்டது ஒன்றைத்தான்: "சார், இனிமே பணம் வருமா?" கட்டடம் விழுந்து பதினைந்து மணி நேரம்கூட ஆகவில்லை. நாங்கள் பேப்பரில் வெளிநாட்டுச் செய்தியாகப் படித்ததை அவர்கள் வீட்டு விஷயமாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

சண்டை அங்கேதான் நடந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டைக்காகப் போட்ட ஏற்பாடுகள் இங்கேயும் வந்து உட்கார்ந்தன. எழுந்து போகவே இல்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

12 செப்டம்பர் 2011, மாலை 6.20

முதலில் உண்டியல். கோயில் உண்டியலைச் சொல்லவில்லை, ஹவாலாவைச் சொல்கிறேன். வளைகுடாவில் மகன் இருக்கிற வீட்டில் கேட்டுப் பாருங்கள், தெரியும். அங்கே தினாரைக் கொடுத்தால், மறுநாள் சாயங்காலத்துக்குள் இங்கே ஒருவர் மஞ்சள் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து ரூபாயை எண்ணித் தருவார். ரசீது கிடையாது, வாய் வார்த்தைதான். எங்கள் வங்கிக்கு டிராஃப்ட் வந்து, கலெக்‌ஷனுக்குப் போய், கணக்கில் ஏற மூன்று வாரம் பிடிக்கும். அதற்குள் பெண்ணின் நிச்சயதார்த்தமே முடிந்துவிடும். சட்டப்படி அது தவறு. ஆனால் எங்கள் கவுண்ட்டரைவிட வேகமாகவும் மரியாதையாகவும் நடந்தது என்பதைக் கவுண்ட்டரில் இருந்தவனாகச் சொல்கிறேன்.

2001-க்குப் பிறகு உலகம் முழுக்க உண்டியல் என்றாலே பயங்கரவாதப் பணம் என்று ஆனது. அந்த நவம்பரிலேயே சோமாலியர்கள் நடத்திய அல் பரகாத் என்ற பண நிறுவனத்தை அமெரிக்கா முடக்கியது. ஏழைக் குடும்பங்களுக்குப் போய்க்கொண்டிருந்த பணம் நடுவழியில் நின்றது. இரட்டைக் கோபுரத் தாக்குதலின் மொத்தச் செலவு நாலு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் டாலர் என்று அமெரிக்க விசாரணைக் குழு பின்னால் சொன்னது. அதில் பெரும்பங்கு போனது சாதாரண வங்கிகள் வழியாக. துபாயிலிருந்து ஃப்ளோரிடா வங்கிக் கணக்குக்கு, முறைப்படி. உண்டியலில் போகவில்லை.

ஆனால் விதி எல்லோருக்கும் வந்தது. பணச்சலவையைத் தடுப்பதற்கான எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டுக் குழு 2001 அக்டோபரில் எட்டுச் சிறப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. 2002 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி எங்களுக்கு கேஒய்சி, அதாவது வாடிக்கையாளர் யார் என்று சரிபார்க்கச் சொல்லும் சுற்றறிக்கை அனுப்பியது. 2004 நவம்பரில் இன்னும் விரிவாக ஒன்று வந்தது. 2005 ஜூலை 1 முதல் பணச்சலவைத் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு உங்களிடம் போட்டோ, முகவரிச் சான்று என்று வங்கியில் கேட்கிறார்களே, அந்தப் படிவம் கிளம்பி வந்த வழி இது.

அந்தப் படிவத்தோடு ஒரு அம்மா வந்தார். 2005 கடைசி. எழுபது வயது இருக்கும். எண்பதுகளில் ஒரு ஜவுளிக்கடைக்காரரின் கையெழுத்தை வைத்துத் திறந்த கணக்கு. ரேஷன் கார்டில் அவர் பெயரில் 'ஜ', வாக்காளர் அட்டையில் 'ச', பாஸ்புக்கில் எங்கள் ஆள் எழுதியது மூன்றாவது விதம். குவைத்திலிருந்து மகன் அனுப்பிய பணம் கணக்கில் இருக்கிறது. எடுக்க முடியாது. பேரனுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குகிறது. மூன்று தடவை அவரைத் திருப்பி அனுப்பினேன். நான்காவது தடவை ஒரு துணி மூட்டையை மேஜையில் வைத்து அவிழ்த்தார். அவர் கணவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயா போன காலத்துப் பாஸ், ஓரமெல்லாம் பூச்சி அரித்தது. "இதுல சரியா இருக்கா பாருங்க தம்பி" என்றார். அதில் நான்காவது விதமாக எழுதியிருந்தது.

மேலாளர் நோட்டரி கையெழுத்து ஒன்றை வாங்கி ஒருவழியாக முடித்துக் கொடுத்தார். விதியை நான் போடவில்லை. ஆனால் மூன்று தடவை திருப்பி அனுப்பியது என் கைதான். அது இன்னும் எனக்கு ஆறவில்லை.

12 செப்டம்பர் 2011, இரவு 9.05

நெய்வேலியிலிருந்து எழுதியவர் சொன்னது சரி. உண்டியல் ஃபெரா என்ற பழைய அந்நியச் செலாவணிச் சட்டத்தின் காலத்திலேயே குற்றம்தான், 2001-இல் புதிதாகக் குற்றமாகவில்லை. கறுப்புப் பணத்துக்காகவும் கேஒய்சி தேவை என்பதையும் மறுக்கவில்லை. நான் சொல்ல வந்தது வேகத்தை. இருபது வருஷம் ஆகியிருக்கும் மாற்றம் மூன்று வருஷத்தில் வந்து, கைநாட்டு வைக்கிற ஆளின் தலையில் இறங்கியது.

16 செப்டம்பர் 2011, காலை 7.30

நேற்று நள்ளிரவு முதல் பெட்ரோல் டெல்லிக் கணக்கில் லிட்டருக்கு ₹3.14 ஏறிவிட்டது. அதற்கு முன்பே ராத்திரி கன்னியக்கோயில், முள்ளோடை பெட்ரோல் பங்குகளில் கடலூர் வண்டிகளின் வரிசை. புதுச்சேரி வரி குறைவு என்பதால் நாங்கள் ஆற்றைத் தாண்டி வந்து டேங்கை நிரப்புவது தெரிந்ததுதான். நானும் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் மீன் வண்டிக்காரர். அவர் கணக்கை அவரே சொன்னார்: பெட்ரோலோ டீசலோ ஏறினால் மறுநாளே ஐஸ் ஏறும், ஐஸ் ஏறினால் மீன் ஏறும், மீன் ஏறினால் வாங்குகிற ஆள் குறையும்.

இதுவும் போர்தான், தம்பி. 2001 கடைசியில் ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் 20 டாலர் அளவில் இருந்தது. 2008 ஜூலை 11-ஆம் தேதி 147 டாலரைத் தொட்டது. அதற்கு முந்தின மாதம் ஒரே நாளில் பெட்ரோல் ₹5, டீசல் ₹3, சிலிண்டர் ₹50 ஏறியது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடந்ததை அன்றைக்குப் பார்த்தேன். ஒரு தடவை வலைக்குப் போய் வர ஆகும் டீசலுக்கு மீன் கட்டாது என்றார்கள்.

17 செப்டம்பர் 2011, இரவு 11.10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவசரப்பட்டிருக்கிறேன்.

எண்ணெய் விலை ஏறியதற்கு ஈராக் ஒரு காரணம் மட்டுமே. அந்த வருஷங்களில் சீனாவும் நாமும் எண்ணெயைக் குடித்த அளவு வேறு, டாலரின் மதிப்பு சரிந்தது வேறு, சந்தையில் பணம் வைத்துச் சூதாடியவர்கள் வேறு. போருக்கு மொத்தம் மூன்று லட்சம் கோடி டாலர் ஆகும் என்று 2008-இல் கணக்குப் போட்ட பொருளாதார நிபுணர்கள் ஜோசப் ஸ்டிக்லிட்சும் லிண்டா பில்ம்ஸும்கூட, பீப்பாய்க்கு ஐந்திலிருந்து பத்து டாலரைத்தான் போரின் கணக்கில் எழுதினார்கள். அந்த இருவரும் போரைக் கடுமையாக எதிர்த்தவர்கள். அவர்களே அவ்வளவுதான் சொல்கிறார்கள் என்றால் 147-ஐ முழுதாகப் போரின் தலையில் கட்டுவது தவறு. மீன் வண்டிக்காரரின் கணக்கு சரி, என் கணக்குதான் பிசகு.

24 செப்டம்பர் 2011, மதியம் 3.00

செலவு அவர்களுடையது என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் செலவை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

1962-இல் சீனச் சண்டை வந்தபோது பாதுகாப்பு நிதிக்கு நகை கேட்டார்கள். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் பாட்டி கையிலிருந்த ஒரு ஜோடி வளையலைக் கழற்றிக் கொடுத்தார். கழற்ற வரவில்லை, சோப்புத் தண்ணீர் போட்டு இழுத்தார்கள், மணிக்கட்டில் சிராய்த்து ரத்தம் வந்தது என்று அம்மா சொல்லுவார். 1965-இல் லால் பகதூர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை சாப்பாட்டை விடச் சொன்னார். போர் என்றால் வீட்டில் ஒரு பிடி குறையும், அது எல்லோருக்கும் தெரியும்.

2001 செப்டம்பர் கடைசியில் புஷ் தன் மக்களிடம் சொன்னது, பயப்படாமல் விமானத்தில் ஏறுங்கள், குடும்பத்தோடு டிஸ்னி வேர்ல்டு போய் வாருங்கள் என்று. 2003 மார்ச்சில் ஈராக்கில் நுழைந்தார்கள், அந்த மே மாதமே வரியைக் குறைத்தார்கள். பிறகு பணம் எங்கிருந்து வரும்? கடன்தான். 2000-இல் அவர்கள் பட்ஜெட்டில் 23,600 கோடி டாலர் உபரி. இப்போது வருஷத்துக்கு ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் பற்றாக்குறை. இந்த ஆகஸ்ட் 5-ஆம் தேதி ஸ்டாண்டர்ட் அண்ட் புவர்ஸ் அமெரிக்காவின் கடன் தரத்தை முதன்முறையாக ஒரு படி இறக்கியது. மறுவாரம் நம் சந்தையும் சரிந்தது.

முழுப் பழியும் போருக்கில்லை, மறுபடியும் அவசரப்பட மாட்டேன். வரிக்குறைப்பும் 2008 வங்கிச் சரிவும் சேர்ந்துதான் இது. அமெரிக்க மத்திய வங்கியின் வட்டியும் அப்படித்தான். 2001 செப்டம்பருக்கு முன்பே பங்குச் சந்தைச் சரிவுக்காக 6.5 சதவீதத்திலிருந்து 3.5 வரை இறக்கியிருந்தார்கள். தாக்குதலுக்குப் பிறகு அந்த வருஷ முடிவுக்குள் 1.75, 2003 ஜூனில் 1. அந்த மலிவுக் கடன்தான் அங்கே வீட்டு விலையை ஊதிப் பெருக்கியது. ஆனால் போருக்கென்று அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கியது மட்டும் இதுவரை சுமார் 1.3 லட்சம் கோடி டாலர். காயம்பட்ட வீரர்களுக்கான செலவு போன்றவற்றையும் சேர்த்தால் 3.2-லிருந்து 4 லட்சம் கோடி வரை போகும் என்று பிரவுன் பல்கலைக்கழகம் இந்த ஜூனில் கணக்குச் சொன்னது. யார் மணிக்கட்டிலும் சிராய்ப்பு இல்லாமல் நடந்த போர் என்பதால்தான் பத்து வருஷம் இழுக்க முடிந்தது என்று எனக்குப் படுகிறது.

2 அக்டோபர் 2011, இரவு 8.45

சாவும் அங்கேதான் என்று எழுதியிருந்தீர்கள். இதை எழுதலாமா என்று மூன்று வாரமாக யோசித்தேன். என் அக்கா மகனிடம் கேட்டேன், "எழுதுங்க மாமா, பேர் மட்டும் வேணாம்" என்றான்.

அவன் காடாம்புலியூர் பக்கம். ஹெவி லைசென்ஸ் வைத்திருந்தான். 2003 கடைசியில் குவைத்தில் டிரைவர் வேலை என்று ஏஜென்ட் மூலம் போனான். அக்காவின் தாலிக்கொடியை அடகு வைத்துக் கட்டிய பணம். ஆறு மாதம் நல்ல செய்தியாகவே வந்தது. ஓவர்டைம், படி என்று பணமும் கூடவே வந்தது. வண்டி எந்த ஊருக்குப் போகிறது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

2004 ஜூலையில் குவைத் நிறுவனம் ஒன்றின் லாரி டிரைவர்கள் ஏழு பேரை ஈராக்கில் கடத்திவிட்டார்கள். அதில் மூன்று பேர் இந்தியர்கள். முகத்தை மூடிய ஆட்களுக்கு நடுவில் அவர்களை நிறுத்தி டிவியில் காட்டினார்கள். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இவனுங்களும் குவைத்துன்னுதானே போனானுங்க" என்றாள். அன்று ராத்திரி எஸ்டிடி பூத்திலிருந்து அவனுக்குப் போன் போட்டேன். முதலில் மழுப்பினான். "பாக்தாத் வரைக்கும்தான் மாமா, மேல போறதில்ல" என்றான். மோசூல் வரை போயிருக்கிறான் என்பது திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

அவன் சொன்ன ஒரு விஷயம் மனதை விட்டுப் போகவே இல்லை. அமெரிக்க ராணுவத்துக்குத் தண்ணீர் பாட்டிலும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போவார்கள். முன்னாலும் பின்னாலும் ராணுவ வண்டி, அதில் கனத்த இரும்புத் தகடு. இவர்கள் லாரிக் கதவு வெறும் தகரம். டிரைவர்கள் காசு சேர்த்து ஒரு வெல்டரைப் பிடித்து, பழைய இரும்புப் பலகையை வெட்டிக் கதவின் உள்பக்கம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டார்கள். சீட்டுக்கு அடியில் மணல் மூட்டை. "நிக்கக் கூடாது மாமா, அது ஒண்ணுதான் ரூல். முன்னாடி வண்டி எரிஞ்சாலும் சுத்திக்கிட்டுப் போயிடணும்." எரிகிற வண்டியில் இருந்தவன் அவனோடு அறையில் ஒன்றாகச் சமைத்தவன். சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

அந்த மூன்று பேரும் செப்டம்பர் 1-ஆம் தேதி உயிரோடு விடுதலையானார்கள். அதற்கு முந்தின நாள், வேறொரு கும்பல் பிடித்துவைத்த நேபாளத் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேரைக் கொன்ற வீடியோ வெளியானது. அதற்குப் பிறகுதான் அக்கா சாப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். 2005-இல் அவன் வந்தான். சேர்த்த பணத்தில் தாலிக்கொடியை மீட்டான், இரண்டு ஏக்கர் முந்திரித் தோப்பு வாங்கினான்.

2003 ஏப்ரலில் நம் நாடாளுமன்றம் அந்தப் போருக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. இந்தியில் 'நிந்தா' என்று எழுதினார்கள், நம் நிந்தனைதான். அமெரிக்கா 17,000 வீரர்களைக் கேட்டது. ஜூலையில் வாஜ்பாய் அரசு அனுப்ப மறுத்தது. நல்ல முடிவு. படை போகவில்லை, டிரைவர்கள் போனார்கள். எந்தக் கணக்கிலும் எண்ணப்படாத ஆட்களாகப் போனார்கள்.

3 அக்டோபர் 2011, காலை 6.50

நேற்று விட்டுப்போனது. போர்க்கால ஒப்பந்தங்களைப் பற்றி அமெரிக்காவே அமைத்த ஆணையம் இந்த ஆகஸ்ட் கடைசியில் அறிக்கை கொடுத்தது. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் ஒப்பந்தக்காரர்கள் வழியாக வீணாய்ப் போனது 3,100 கோடியிலிருந்து 6,000 கோடி டாலர் வரை என்று அதில் இருக்கிறது. கதவுக்கு ஒரு இரும்புப் பலகை வாங்கித் தர அதில் எத்தனை காசு ஆகியிருக்கும்?

7 அக்டோபர் 2011, இரவு 10.00

"பரங்கிப்பேட்டையையும் காடாம்புலியூரையும் விட்டு வெளியே வாருங்கள், உலக அரசியல் என்ன ஆனது என்று சொல்லுங்கள்" என்று ஒருவர் கோபமாகக் கேட்டிருந்தார். ஆப்கானிஸ்தானில் குண்டு போடத் தொடங்கி இன்றோடு பத்து வருஷம். சரி.

2001 செப்டம்பர் 14-இல் அமெரிக்கக் கீழவையில் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார்கள். ஆதரவு 420, எதிர்ப்பு 1. எதிர்த்தவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. எதிர்க்கட்சி என்ற ஒன்றே இல்லாமல் ஒரு நாடு இருந்த நாட்கள் அவை. பிறகு திருப்பி அடித்தது. ஸ்பெயினில் 2004 மார்ச் 11 ரயில் குண்டுவெடிப்பில் 190 பேருக்கு மேல் இறந்தார்கள். ஈராக்குக்குப் படை அனுப்பியிருந்த, பழியை முதலில் பாஸ்க் பிரிவினை அமைப்பின் மேல் போட்ட அரசை மூன்றே நாளில் வந்த தேர்தலில் மக்கள் இறக்கிவிட்டார்கள். ஈராக் போரை 2002-லேயே எதிர்த்துப் பேசியதுதான், 2008-இல் ஹிலரிக்கு எதிராக ஒபாமா கையில் இருந்த பெரிய ஆயுதம்.

நமக்கும் ஒரு திருப்பம் வந்தது. 1998 அணுகுண்டுச் சோதனைக்காக நம் மேல் போட்ட தடைகளை புஷ் 2001 செப்டம்பர் 22-இல், கோபுரம் விழுந்து பதினோரு நாளில், விலக்கினார். பாகிஸ்தானுக்கும் சேர்த்துத்தான். அங்கே தொடங்கிய நெருக்கம் 2005 அணுசக்தி உடன்பாடாகி, 2008 ஜூலையில் இடதுசாரிகள் விலகி, மன்மோகன் சிங் அரசு 275-க்கு 256 என்று தப்பியதுவரை வந்தது.

இன்னொன்று. 2001 டிசம்பர் 11-இல் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. எல்லோரும் ஆப்கானிஸ்தான் மலைக்குகைகளை டிவியில் பார்த்துக்கொண்டிருந்த வாரம் அது. அடுத்த பத்து வருஷம் ஒருவர் குண்டுக்குச் செலவழித்தார், மற்றவர் துறைமுகம் கட்டினார்.

8 அக்டோபர் 2011, காலை 7.15

கடைசி வரியைத் திரும்ப யோசித்தேன். போரே நடக்காவிட்டாலும் சீனா வளர்ந்திருக்கும். அமெரிக்காவின் கவனம் சிதறியது உண்மை, சீனத் தொழிற்சாலைகளைப் போர் கட்டவில்லை. அழகாக வந்த வாக்கியம் என்பதற்காக விட்டுவைத்தேன், அது தவறு.

11 நவம்பர் 2011, இரவு 9.30

இன்றைக்கு புதுச்சேரி கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தில் மலர் வளையம் வைத்தார்கள். வருஷா வருஷம் நவம்பர் 11-இல் நடப்பதுதான். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் செத்த பிரெஞ்சிந்தியர்களுக்காக 1938-இல் திறந்த சின்னம். முத்தியால்பேட்டையில் இருக்கிற என் மச்சான் வீட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு பழைய சொல்தா, பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்தவர். அவரோடு போனேன். கோட்டு, தொப்பி, மார்பில் மூன்று பதக்கம். இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

அவர் இளைஞனாக அல்ஜீரியாவில் இருந்தவர். மகன் வயிற்றுப் பேரன் பிரெஞ்சு ராணுவத்தில், இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆப்கானிஸ்தானில் காபிசாவில் இருந்தான். 2008 ஆகஸ்டில் உஸ்பின் பள்ளத்தாக்கில் பத்து பிரெஞ்சு வீரர்கள் ஒரே பதுங்கித் தாக்குதலில் இறந்தார்கள். அதற்குப் பிறகு போன அணி அவனுடையது. தாத்தா தினமும் ராத்திரி பிரெஞ்சு டிவிச் செய்தி முடிகிறவரை படுக்க மாட்டாராம்.

அவர் சொன்னதை எழுதிவைக்கிறேன். "முசியே, அல்ஜீரியாவில நாங்க இருந்தப்ப அதுக்குப் பேர் போர் இல்ல. ஒழுங்கைக் காக்கிற வேலைன்னுதான் காகிதத்தில எழுதுனாங்க. என் பக்கத்தில நின்னவன் செத்தான், அதுவும் போர் இல்ல. 1999-லதான் சட்டம் போட்டுப் போர்னு ஒத்துக்கிட்டாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப எல்லாத்தையும் போர்ங்கிறாங்க. யாரோட போர்னு பேரன்கிட்ட கேட்டேன். அவனுக்குச் சொல்லத் தெரியல" என்றார்.

பயங்கரவாதத்தின் மேல் போர் என்று பெயர் வைத்ததில் இருக்கிற சிக்கலை இதைவிடத் தெளிவாக நான் எங்கும் படித்ததில்லை. ஒரு நாட்டோடு போர் என்றால் ஒருநாள் சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்தாகும். இதில் யார் கையெழுத்துப் போடுவது? சண்டையே இல்லாத ஊரிலும் ஏற்பாடுகள் தங்கிப்போனதற்குக் காரணம் அதுதான்.

14 நவம்பர் 2011, காலை 8.10

அப்துல் கலாம் ஐயாவை செப்டம்பர் 29-இல் நியூயார்க் விமான நிலையத்தில், விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகு, கோட்டையும் காலணியையும் கழற்றி வாங்கிச் சோதித்திருக்கிறார்கள். இப்போதுதான் செய்தி வந்திருக்கிறது. 2009-இலும் டெல்லியில் இப்படி நடந்தது. அமெரிக்கா வருத்தம் தெரிவித்திருக்கிறது. பரங்கிப்பேட்டையிலிருந்து மேல்படிப்புக்குப் போகிற பையனின் பெயரும் அதே மாதிரிப் பெயர்தான். அவனிடம் யாரும் வருத்தம் தெரிவிப்பதில்லை.

26 நவம்பர் 2011, இரவு 10.30

மும்பையில் 166 பேர் இறந்து மூன்று வருஷம். வந்தவர்கள் குபேர் என்ற குஜராத் மீன்பிடிப் படகைக் கடத்தி, அதிலிருந்தவர்களைக் கொன்று, அதில்தான் மும்பைக்குப் பக்கம் வரை வந்தார்கள், பிறகு ரப்பர் படகில் கரையேறினார்கள். முதலில் செத்தவர்கள் மீனவர்கள். அதற்குப் பிறகு சந்தேகமும் மீனவர்கள் மேல்தான் விழுந்தது.

நேற்று தேவனாம்பட்டினத்தில் ஒரு வலைக்காரரோடு உட்கார்ந்திருந்தேன். அடையாள அட்டையைக் காட்டினார். பாலித்தீன் உறையில் இரண்டு சுற்றுச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, தண்ணி கேன் கைப்பிடியில் கட்டி வைத்திருக்கிறார். அலையில் போய்விட்டால் ஸ்டேஷனுக்கு நடக்க வேண்டும், ஒருநாள் தொழில் போய்விடும். சாகர் கவாச் ஒத்திகை நாட்களில் போலீஸ்காரர்களே ஊடுருவ வந்தவர்கள் மாதிரிப் படகில் வருவார்கள், அன்றைக்கு எல்லாப் படகையும் நிறுத்திச் சோதிப்பார்கள். "நல்லதுக்குத்தான் செய்யுறாங்க, வேணாங்கல" என்றார். "ஆனா எங்கப்பா காலத்துலயே எங்கள நிறுத்திட்டாங்க, தெரியுமா?"

அவர் சொன்னது என் கேள்வியையே மாற்றிவிட்டது. இந்தக் கரைக்குப் பத்தாண்டு 2001-இல் தொடங்கவில்லை. 1991 மே 21 ஸ்ரீபெரும்புதூரிலேயே தொடங்கிவிட்டது. அன்றிலிருந்து கரையில் ரோந்து, அகதி முகாம்களில் ஆள் எண்ணிக்கை, ராத்திரி படகு வந்தால் விசாரணை. 2001 அதற்கு உலக அளவில் ஒரு பெயரைக் கொடுத்தது, அவ்வளவுதான். 2001 அக்டோபரில் வந்த பொடா என்ற பயங்கரவாதத் தடுப்பு அவசரச் சட்டம், மறு மார்ச்சில் மாநிலங்களவை நிராகரித்தும் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. அதை ஆதரித்த அணியில்தான் வைகோவும் இருந்தார். அந்த ஜூலையிலேயே அதே சட்டத்தில் கைதாகி, வேலூர்ச் சிறையில் பத்தொன்பது மாதம். 2004-இல் பொடா போனது. அதன் பிரிவுகள் பல வேறொரு சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. 2008 டிசம்பரில் இன்னும் கூடின.

மும்பை மாதிரி இன்னொன்று நடக்கக் கூடாது, சோதனை வேண்டும். அதை எதிர்த்து நான் ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஒரு விதியைப் போடுகிற அன்றைக்கே அது எத்தனை வருஷத்துக்கு என்றும் எழுதினால் போதும். அந்த வலைக்காரர் கேட்டதும் அதுதான்.

19 டிசம்பர் 2011, இரவு 9.00

நேற்று கடைசி அமெரிக்கப் படைவண்டிகள் ஈராக்கிலிருந்து குவைத்துக்குள் வந்துவிட்டன. அக்கா மகன் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். வண்டிகள் எல்லையைத் தாண்டியதும் வீரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவன் திடீரென்று டிவி பக்கத்தில் போய் விரலை வைத்து, "மாமா, இந்தக் கேட்டுதான். இங்கதான் டோக்கன் குடுப்பாங்க. இங்க நின்னுதான் கடைசியா டீ குடிப்போம்" என்றான். அக்கா உள்ளே எழுந்து போய்விட்டாள்.

அமெரிக்க வீரர்கள் 4,500-ஐ நெருங்கி இறந்தார்கள். ஈராக் பொதுமக்கள் ஒரு லட்சத்துக்கு மேல், அதுவும் செய்திகளிலும் ஆவணங்களிலும் பதிவானவரை எண்ணியது மட்டும். டிரைவர்கள் எத்தனை பேர் என்று அவனிடம் கேட்டேன். தன் அறையில் இருந்தவர்களை விரல்விட்டு எண்ணிக் காட்டினான்.

18 ஜனவரி 2012, காலை 11.00

இத்தனை நாள் எழுத முடியவில்லை. டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல். கடலூரில் எங்கள் தெருவுக்கு நேற்றுதான் கரண்ட் வந்தது. வீட்டு ஓடு போனது, ஆள் சேதமில்லை. விசாரித்த எல்லோருக்கும் நன்றி. தம்பி, உங்கள் தெருவில் மரம் விழுந்த வீடு உங்களுடையது இல்லையே?

காடாம்புலியூர் போய்ப் பார்த்தேன். அந்த இரண்டு ஏக்கரில் நிமிர்ந்து நிற்கிற முந்திரி மரம் ஒன்றுகூட இல்லை. எல்லாம் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடக்கின்றன. பக்கத்துத் தோப்பில் தாத்தா காலத்துப் பலா மரம், அடிமரம் இரண்டாய்ப் பிளந்து கிடந்தது. இப்போது கன்று நட்டாலும் நல்ல காய்ப்புக்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். நிவாரணப் பட்டியலுக்குப் பட்டா, ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக் நகல் கேட்டிருக்கிறார்கள். மூன்றிலும் அவன் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதல் வேலையாகப் பார்த்தேன். இருக்கிறது.

ஈராக்குக்கு வேலைக்குப் போக நம் அரசு போட்டிருந்த தடையை 2010-இல் எடுத்துவிட்டார்கள். பாஸ்ராவில் எண்ணெய் வயல் வேலைக்கு ஹெவி டிரைவர் எடுக்கிறார்களாம். ஏஜென்ட் போன வாரமே வந்து போயிருக்கிறார். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் ஏழு பக்கம். நாளைக் காலை எடுத்துக்கொண்டு வருகிறேன், படித்துச் சொல்லுங்கள் மாமா என்றிருக்கிறான். இந்தத் தடவை அக்காவும் கூட வருகிறாள். வண்டி எந்த ஊர்வரை போகும் என்று அதில் எழுதியிருக்கிற இடத்தை விரல் வைத்துக் காட்ட வேண்டும் என்கிறாள்.